விளக்கை ஆயுதமாக்க வேண்டாம்

கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் கடிகாரம் விடிந்து வெகுநேரம் ஆன பிறகுதான் பொழுது விடிகிறது. சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றுபடுத்தும் பொருட்டு, 1982ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளிவைக்கப்பட்டதன் பயனாக, ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில்தான் இந்த மலையில் சூரியன் தலைகாட்டுகிறான்; பூமத்திய ரேகைக்கு மிக அணித்தான ஊராகையால், வருஷம் முழுவதும் அந்த நியமத்தில் பெரிய மாறுதலும் இல்லை. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகிறவர்களும், காய்கறித் தோட்டங்களுக்கு லாரி ஏறுகிறவர்களும், விடுதிகளின் அடுப்படியில் காலை ஆகாரத்துக்கு முனைகிறவர்களும், ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வீடு திரும்புகிற தாதிகளும், பள்ளி வண்டிக்காகச் சாலையோரத்தில் காத்து நிற்கும் குழந்தைகளும் சூரியனுடைய உத்தரவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. இருட்டு ஒருபுறமிருக்க, கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் மூடுபனியும் மழையும் சேர்ந்துகொண்டால், பத்தடிக்கு அப்பால் நிற்பது மரமா மனிதனா என்று தெரியாத நிலை இங்கே சர்வ சாதாரணம்.

இந்தத் தேவையை வியாபாரிகள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். ‘டாக்டிகல்’ என்ற விசேஷணத்தைச் சூட்டிக்கொண்டு, கருநிற அலுமினிய உடலும், முகப்பிலே வாள்முனைபோல் வெட்டிவிடப்பட்ட பற்களும், படபடவென்று கண்ணைப் பறிக்கும் மின்வெட்டு ஒளியும், பெட்டியின்மேல் ஆயிரக்கணக்கான லூமன் என்னும் ஒளியளவு எண்ணுமாக, உள்ளங்கையளவே உள்ள டார்ச் விளக்குகள் இரவுச் சந்தையிலும் இணையக் கடைகளிலும் குவிந்து கிடக்கின்றன. தனியே நடக்கும் பெண்ணுக்கும், காவல் வேலைபார்க்கும் ஜாகாவுக்கும், வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டுக் கோலாலம்பூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைக்கும் அவை ஆத்மரட்சணைக்குரிய சாதனமாகச் சிபாரிசு செய்யப்படுகின்றன. சிறிய, உறுதியான, நல்ல வெளிச்சமுள்ள ஒரு கைவிளக்கு ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் அதை அடிக்கும் கருவியாக எண்ணி வாங்குகிறவர் தவறான விளக்கைத்தான் வாங்குவார் என்பதும், அன்றாட நடைக்கு உகந்ததாகத் தேர்ந்தெடுக்கிறவருக்கே ஆபத்து வேளையில் உண்மையான பாதுகாப்பும் கிட்டும் என்பதுமே இங்கே நான் வற்புறுத்த விரும்புவது.

விளக்கோடு வேலைக்குப் போவது மலாயாத் தமிழனுக்குப் புதிய பழக்கமன்று. விடியற்காலைக் குளிரில், மரத்தினுள்ளே நீரழுத்தம் மிகுந்திருக்கும் வேளையில்தான் ரப்பர்ப் பால் தாராளமாக வடியும் என்பதால், பால்வெட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நெற்றியிலே விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாக நிரைகளுக்குள் இறங்கினார்கள். கார்பைட் கல்லின்மேல் நீர் சொட்டச் சொட்ட எழும் அசெட்டிலின் வாயுவின் வெள்ளைச் சுடர் ஒரு காலத்திலும், பேட்டரி விளக்கு பிற்காலத்திலும் அவர்களுக்கு வழிகாட்டின. அந்த விளக்கை எவரும் ஆயுதமென்று கருதியதில்லை; ஆயினும் பாம்பினிடமிருந்தும், காட்டுப்பன்றியிடமிருந்தும், பாசி படிந்து வழுக்கும் வடிகால் கான்களிலிருந்தும் அவர்களைக் காத்தது அதுவே. எதிரே இருப்பது இன்னதென்று காட்டியதுதான் அது செய்த காவல்.

பின், விளக்குக்கு இந்தப் போர்வீரக் கோலம் எப்படி வந்தது என்பதையும் சிறிது பார்க்கலாம். டேவிட் மிசெல் என்பவர் 1899இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கைவிளக்கு, பின்னாளில் எவரெடி என்று உலகமெங்கும் பெயர்பெற்ற நிறுவனத்தின் மூலமாகச் சந்தைக்கு வந்தபோது, அதை முதன்முதலில் கையாண்டு பார்த்தவர்களில் நியூயார்க் நகரப் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். 1979இல் வெளிவந்த மாக்லைட் என்னும் நீண்ட அலுமினிய விளக்கு, காவலர்களின் கையில் விளக்காகவும் தடியாகவும் இரட்டை வேலை செய்தது. அதற்குப் பின், துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிப்பதற்கென்றே ஷ்யூர்ஃபயர் போன்ற நிறுவனங்கள் விரல்நீளமுள்ள சிறு விளக்குகளை உருவாக்கின. அவற்றில் புகழ்பெற்ற 6பி என்ற விளக்கின் ஒளி வெறும் 65 லூமன்தான் என்பதை இன்றைய விளம்பரங்களைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அகாசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவருக்கு 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசைப் பெற்றுத் தந்த நீல எல்.இ.டி.யின் பயனாக, வெண்ணிற ஒளி மலிந்து, அன்று போலீஸ்காரனுக்கு அருமையாயிருந்த பிரகாசம் இன்று பள்ளி மாணவனின் பையிலேயே கிடக்கிறது. பிரகாசம் பரவியதில் தோஷமில்லை. ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் விளக்கும் ஏந்தி வீடு புகும் காவலனுடைய தேவைக்காக ஏற்பட்ட அமைப்புகளை, மறு கையில் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் நம்முடைய தேவையாகப் பாவிப்பதுதான் தோஷம்.

விளக்கு மனிதனை எப்படிக் காக்கிறது என்பதை முறையாக ஆராய்ந்தால், மூன்று வழிகள் புலப்படும். முதலாவது, ஆபத்தைத் தூரத்திலேயே காட்டுவது. முப்பதடிக்கு அப்பால் ஒருவன் நிற்கிறான் என்று தெரிந்தவர் பாதையை மாற்றிக்கொள்ளலாம், திரும்பி நடக்கலாம், அக்கம்பக்கத்தாரைக் குரல் கொடுத்து அழைக்கலாம். மூன்றடியில் கண்டவருக்கு இவற்றில் ஒன்றும் சாத்தியமில்லை. இரண்டாவது, ‘நான் உன்னைப் பார்த்துவிட்டேன்’ என்று எதிரிலிருப்பவனுக்கு அறிவித்துவிடுவது. மறைவை நம்பி நிற்கிறவனுக்கு முகத்தில் விழும் வெளிச்சம் பெரும் சங்கடம். மூன்றாவதுதான் விளம்பரங்கள் முதலிடம் கொடுத்துப் பேசும் கண்கூசச் செய்யும் வித்தை. பயனில் முதலிரண்டுக்கும் பிற்பட்டதை விலையில் முதலாவதாக வைத்து விற்பதுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம்.

கண்கூசச் செய்வதிலும் உண்மை இல்லாமலில்லை. இருட்டில் நாம் பார்ப்பது விழித்திரையிலுள்ள கோலுயிரணுக்களின் உதவியால். அவற்றிலுள்ள ரொடாப்சின் என்னும் நிறமி இருட்டில் முழுமையாக ஊறுவதற்கு இருபது முப்பது நிமிஷங்கள் பிடிக்கும். பலமான ஒளி பட்ட கணத்தில் அது வெளிறிப்போகும். ஆகவே இருட்டுக்குப் பழகிய கண்ணிலே திடீரென்று ஐந்நூறு லூமன் ஒளி விழுந்தால், சில நொடிகள் அந்தக் கண்ணுக்கு உலகம் வெறும் வெள்ளைப் படலமாகத் தோன்றும். ஆனால் இது இருட்டில் மட்டுமே பலிக்கிற காரியம். கடைவீதியின் விளக்கொளியிலே பாதி சக்தியும், பட்டப்பகலில் ஏறக்குறைய முழுச் சக்தியும் இதற்குக் குறைந்துவிடும். இருட்டிலேயேகூட நமக்குக் கிடைப்பது அந்தச் சில நொடிகள்தாம். அவை விலகி ஓடுவதற்கு உரியவை. நெருங்கிப் போய்ச் சண்டை தொடங்குவதற்கு உரியவையல்ல. மின்வெட்டு ஒளியும் அவ்வாறே. எதிராளியைத் தடுமாறச் செய்யும் என்று சொல்லப்படும் அந்தப் படபடப்பு, விளக்கைப் பிடித்திருப்பவருடைய பார்வையையும் துண்டு துண்டாக்கிவிடுகிறது. மூடுபனியிலோ, அது நம் முகத்துக்கே திரும்பி வந்து அடிக்கிறது.

முகப்பிலே வெட்டப்பட்ட பற்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இடித்தால் தோல் கிழியும்படி அமைந்த அந்தப் பற்கள் தைரியம் தருவதாகச் சிலர் கருதுகிறார்கள். விளக்கின் பெரும்பலம் அது நமக்குச் சம்பாதித்துத் தரும் தூரம். பற்களைப் பயன்படுத்த வேண்டுமானால் அந்தத் தூரத்தை நாமே துறந்து, எதிராளியின் கைக்கெட்டும் இடத்துக்குப் போகவேண்டும். இது விவேகத்தின்பாற்பட்ட ஆட்சேபம். சட்டத்தின்பாற்பட்டதும் ஒன்றுண்டு. மலேசியத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையை நமக்கு அளிக்கின்றன. மெக்காலே காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இவை இதே எண்களோடு இருந்தன. ஆனால் 99ஆம் பிரிவு, அதிகாரிகளின் உதவியை நாட அவகாசமிருக்கும்போது அந்த உரிமை இல்லையென்றும், காத்துக்கொள்வதற்கு அவசியமானதற்கு மேற்பட்ட தீங்கு செய்யலாகாதென்றும் வரம்பு கட்டுகிறது. அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் ஆகியவை பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டமோ, சட்டபூர்வமான காரணமின்றித் தாக்கும் ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. சாதாரண டார்ச் விளக்கு வைத்திருப்பவரை ‘ஏன் வைத்திருக்கிறாய்?’ என்று எவரும் கேட்கப்போவதில்லை. ‘இருட்டு’ என்பதே போதுமான மறுமொழி. பற்கள் முளைத்த விளக்கை வைத்துக்கொண்டு, ‘ஒருவன் வந்தால் இதனால் இடிப்பேன்’ என்று பெருமை பேசுகிறவர் அந்த எளிய மறுமொழியைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். சட்டைப்பையைக் கிழிப்பதைத் தவிர அந்தப் பற்கள் பெரும்பாலும் வேறொன்றும் செய்யப்போவதில்லை.

இனி, இந்த மலையில் இருட்டு நமக்கு வைத்திருக்கும் ஆபத்துகளை உள்ளபடி எண்ணிப் பார்ப்போம். கள்வனும் முரடனும் எங்குமுண்டு. இங்கும் இல்லாமலிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களைச் சந்திப்பதற்கு முன், மூடப்படாத கானையும், மழையில் அரித்துப்போன படிக்கட்டையும், வளைவிலே திடீரென்று திரும்பும் காய்கறி லாரியையும், தேயிலைச் செடியின் நிறத்தோடு நிறமாகக் கிடக்கும் பச்சைக் குழிவிரியனையும் நாம் ஆயிரம் முறை சந்திப்போம். கேமரன் மலையின் பெயராலேயே ஆங்கிலத்தில் அழைக்கப்படும் குழிவிரியன் இனம் ஒன்று 2004ஆம் ஆண்டிலேதான் தனி இனமாக அறிவியல் முறையில் விவரிக்கப்பட்டது. பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2017இல் சேர்த்த உலகச் சுகாதார நிறுவனமும், நல்ல காலணியையும் இரவில் கைவிளக்கையும் விடாதீர்கள் என்றே கிராம மக்களுக்குச் சொல்லுகிறது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில், ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபுபக்கர் அணையின் நீர் திறந்துவிடப்பட்டு, பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனதை இந்த வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இரவில், தலைமாட்டிலே கைக்கு எட்டும்படி ஒரு விளக்கு இருக்கிறதா என்பதே முதற்கேள்வி; அதன் முகப்பில் எத்தனை பற்கள் என்று அப்போது எவரும் எண்ணப்போவதில்லை.

காடும் நமக்கு அயலன்றே. தானா ராத்தாவிலிருந்து பாரிட் அருவிக்கும், ராபின்சன் அருவிக்கும், ஜாசார் மலைக்கும் போகும் எண்ணிட்ட காட்டுப்பாதைகளில் ஒருமணி நேர உலாவலுக்கென்று இறங்குகிறவர்களில் பலர் தண்ணீர்ப் புட்டியைத் தவிர வேறொன்றும் கொண்டுபோவதில்லை. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தை உலகறியச் செய்த அமெரிக்கரான ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையன்று, இவ்வூரிலுள்ள மூன்லைட் பங்களாவிலிருந்து பிற்பகலில் வெளியே சென்றவர் திரும்பவேயில்லை. போலீசாரும், ராணுவத்தாரும், காட்டை உள்ளங்கையாக அறிந்த ஓராங் அஸ்லி மக்களும் நாட்கணக்காகத் தேடியும் அவர் கதி என்னவாயிற்று என்பது இன்றுவரை புலனாகவில்லை. அந்த மர்மத்தை ஒரு கைவிளக்கு தீர்த்திருக்கும் என்று சொல்வது அசட்டுத்தனம். ஆயினும், ஊரின் விளிம்பிலேயே இவ்வளவு அடர்ந்த காடு நிற்கிறது என்பதற்கு அது நிரந்தரமான சாட்சி. பிற்பகல் நடையும் இருட்டில் முடியலாம் என்று எண்ணி விளக்கை எடுத்துச் செல்வதும், வழி தவறினால் நிமிஷத்துக்கு ஆறுமுறை ஒளி காட்டி ஒரு நிமிஷம் நிறுத்தி மீண்டும் காட்டும் மலையேறிகளின் அபாயக் குறிப்பைத் தெரிந்து வைத்துக்கொள்வதும் யாருக்கும் பாரமாகிவிடாது.

தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். லூமன் என்பது விளக்கு வெளியிடும் ஒளியின் மொத்த அளவு. காண்டெலா என்பது அந்த ஒளி ஒரே திசையில் எவ்வளவு செறிந்து பாய்கிறது என்பதன் அளவு. லூமன் மிகுந்து காண்டெலா குறைந்த விளக்கு முற்றம் முழுவதையும் காட்டும், தூரத்து ஆளைக் காட்டாது. காண்டெலா மட்டும் மிகுந்த விளக்கு மலைச்சரிவுக்கு அப்பாலுள்ள மரத்தைக் காட்டும், காலடியிலுள்ள குழியைக் காட்டாது. ஏறத்தாழ ஐயாயிரம் முதல் பத்தாயிரம் காண்டெலா வரை உள்ளதாய், நடுவில் செறிந்த ஒளியும் சுற்றிலும் பரவிய மெல்லொளியும் கலந்து விழும் விளக்கே நடைக்கு ஏற்றது என்பது என் துணிபு. லூமனை இரட்டித்தால் வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியும் என்றும் எண்ண வேண்டாம். கண்ணுக்கு இருமடங்காகத் தோன்றவே ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி தேவைப்படும்.

2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏற்பட்ட எஃப்.எல்.1 என்னும் அளவைமுறையின் சின்னங்கள் பெட்டியின்மேல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றைப் படிக்கும் விதத்தையும் அறிந்துகொள்ளுங்கள். அதில் ‘ஒளி பாயும் தூரம்’ என்று போட்டிருப்பது, வெளிச்சம் கால் லக்ஸ் அளவுக்கு, அதாவது முழுநிலவின் ஒளியளவுக்கு, மங்கிப்போகும் தூரமாகும். பத்தாயிரம் காண்டெலா விளக்குக்கு 200 மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். அந்த 200 மீட்டரில் ஓர் ஆளின் முகத்தை அடையாளம் காண்பது நிலவொளியில் காண்பதற்குச் சமானமே. ஆகையால் எழுதியதில் பாதியை, மூடுபனியானால் அதிலும் மிகச்சிறு பாகத்தை, உண்மையான பயனாகக் கொள்ளுங்கள். ‘எரியும் நேரம்’ என்பதோ, தொடக்கத்து ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம். ஆயிரம் லூமனில் தொடங்கி, உடல் சூடேறுவதால் சில நிமிஷங்களுக்குள் இருநூறுக்கு இறங்கி, பிறகு மூன்று மணி நேரம் மங்கலாக எரியும் விளக்கின் பெட்டியிலும் ‘ஆயிரம் லூமன், மூன்று மணி’ என்றே அந்த அளவைமுறைப்படி அச்சிடலாம். விரலளவு உலோகத்தால் அவ்வளவு உஷ்ணத்தைத் தாங்க முடியாது என்பது இயற்கை விதி. விளம்பரத்தால் அதை மாற்ற இயலாது. ஆதலால் உச்ச ஒளியைப் பார்த்து மயங்காமல், நூறு நூற்றைம்பது லூமனில் எத்தனை மணி நேரம் நிலையாக எரிகிறது என்று விசாரியுங்கள். பெரட்டுக்கும் பேருந்துக்கும் நடக்க அதுவே போதும்.

பத்துப் பதினைந்து வெள்ளிக்கு விற்கும் விளக்கின்மேல் பல்லாயிரம் லூமன் என்றிருந்தால், அதை வாங்குவதற்கு முன் அதனோடு வரும் பேட்டரியைக் கவனியுங்கள். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ளதால் 18650 என்று பெயர்பெற்ற லித்தியம் பேட்டரியில், நல்ல நிறுவனத்தார் செய்வது பெரும்பாலும் 2,500 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை தாங்கும். அதே உருவத்தின்மேல் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யலாம். பேட்டரியில் பொய் சொல்லுகிறவர் ஒளியில் மட்டும் மெய் சொல்லுவார் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை. தரமற்ற லித்தியம் பேட்டரி வெடித்துத் தீப்பிடிக்கவும் கூடும். உறை கிழிந்ததையும் உப்பியதையும் தயங்காமல் ஒதுக்குங்கள். பையில் சாவிக்கொத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். லித்தியத்தைக் கையாளும் கவனம் இல்லாத முதியவருக்கு, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் பென்லைட் பேட்டரி ஒன்றிரண்டில் எரியும் விளக்கே உத்தமம். அதிலும், சாதாரண அல்கலைன் பேட்டரியை மாதக்கணக்காக உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து விளக்கையே தின்றுவிடும் என்பதால், மீண்டும் மின்னேற்றிக்கொள்ளும் நிக்கல் பேட்டரி நல்லது.

ஒளிக்கு அடுத்தபடியாக, சில விஷயங்களில் ஒளியைவிட மேலாகவும், பார்க்க வேண்டியது விசை. பயமும் குளிரும் சேர்ந்து விரல் நடுங்கும் வேளையில், எத்தனை முறை அழுத்தினால் எந்த ஒளி வரும் என்று கணக்குப் பார்க்க முடியாது. அடிப்புறத்திலுள்ள ஒரே பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எப்போதும் ஒரே மாதிரியான ஒளி வரவேண்டும். அழுத்தியிருக்கும்வரை எரிந்து, விட்டால் அணையும் வசதியும் இருந்தால் சிறப்பு. அறைக்குள்ளே தூங்கும் குழந்தையை எழுப்பாமல் சாவித்துளையைத் தேடுவதற்குச் சில லூமன் மட்டும் தரும் மெல்லொளி கட்டாயம் வேண்டும். உச்ச ஒளியை வருஷத்துக்கு ஒருமுறை உபயோகிப்போம், இதைத் தினந்தோறும் உபயோகிப்போம். மின்வெட்டு ஒளி தவறியும் கைபடாத இடத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இம்மலையில், ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது என்று உறுதிகூறும் ஐ.பி.எக்ஸ் 7 என்ற குறியீட்டுக்குக் கீழ்ப்பட்டதை வாங்க வேண்டாம். மேசையில் உருளாத தலையும், சட்டைப்பையில் மாட்டும் கவ்வியும், மணிக்கட்டில் கோக்கும் கயிறும் அலங்காரங்கள் அல்ல. கையில் இல்லாத விளக்கு எவ்வளவு பிரகாசமானதானாலும் இல்லாத விளக்கே. பைக்குள் தானே எரிந்து துணியைச் சுடாமலிருக்க, அடிமூடியைச் சற்றுத் தளர்த்தினால் அணைந்துவிடும் அமைப்பிருக்கிறதா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள்.

மூடுபனியில் விளக்குப் பிடிப்பது தனிக் கலை. பனியின் நுண்துளிகள் ஒளியை நாற்புறமும் சிதறடித்து, அதில் ஒரு பகுதியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன; ஒளியைக் கூட்டக் கூட்ட எதிரே வெள்ளைச் சுவர் தடிக்குமேயன்றிப் பாதை தெரியாது. நெற்றி விளக்கு கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் அதில் இந்தச் சங்கடம் அதிகம். கைவிளக்கை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, நடுத்தர ஒளியில், பாதையை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால், சிதறும் ஒளி பார்வைக் கோட்டிலிருந்து விலகிப்போகும். மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துச் செல்லும் என்பது பரவலான நம்பிக்கை; பனித்துளிகள் ஒளியலைகளைவிட மிகப் பெரியவையாகையால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரேபடியாகவே சிதறடிக்கின்றன. ஆனால் நீலம்பாய்ந்த வெள்ளையைக் காட்டிலும் சற்று இளஞ்சூடான வெண்ணிறத்தில் மண்ணும், சருகும், பாம்பின் தோலும் வேறு வேறாகப் புலப்படுவதால், அதைத் தேர்ந்தெடுப்பதில் வேறொரு நியாயம் இருக்கிறது. இந்த ஊரில் ஆயிரம் லூமன் என்ற பெருமையை ஒரு கை மூடுபனி தோற்கடித்துவிடும் என்பதை அறிந்தவர்கள், விளம்பரத்தின் எண்களுக்கு மயங்க மாட்டார்கள்.

‘கைப்பேசியிலேயே விளக்கு இருக்கிறதே, தனியாக இன்னொன்று எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விளக்கு சில அடிகளுக்கு அப்பால் செல்லாது. மழையில் நனைந்த விரலுக்கு அதன் திரை பணியாது. அதை ஏந்திக்கொண்டே உதவிக்குத் தொலைபேச முடியாது. தவறிக் கானில் விழுந்தால் விளக்கும் தொடர்பும் ஒன்றாகப் போய்விடும். ஆபத்து வேளையில் ஒரு கையில் விளக்கும் மறு கையில் பேசியும் இருப்பதே நமக்கு வேண்டிய ஆயத்தம். அதேபோல், விளக்குக் கையில் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று எண்ணுவதும் பிழை. எதிரே வரும் வண்டிக்காரர் கண்ணில் அடித்து அவரைப் பள்ளத்தில் இறக்கிவிடாத மரியாதையும், மாதம் ஒருமுறை மின்னேற்றிச் சோதிக்கும் ஒழுங்கும், துணையோடு நடக்கும் பழக்கமும், சந்தேகம் தோன்றியவுடன் விலகிப்போகும் அடக்கமும் சேர்ந்தால்தான் விளக்கு காவலாகும்.

தனிமனிதன் விளக்கு வாங்கிக்கொண்டான் என்பது, பொது இடத்தை இருட்டில் விட்டுவைத்தவர்களுக்குச் சமாதானமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து பெரிய சாலைவரை செல்லும் பாதைகளிலும், பேருந்து நிற்கும் இடங்களிலும், பள்ளிக்குப் போகும் வழிகளிலும் விளக்கு எரியச் செய்வது தோட்ட நிர்வாகத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் உரிய கடமை. சுற்றுலாப் பயணிகள் உலாவும் கடைவீதி பிரகாசிப்பது மகிழ்ச்சிக்குரியதே. அந்தக் கடைவீதிக்கு விடியுமுன் வேலைக்கு வருகிறவர் நடக்கும் பாதை இருண்டிருப்பது நியாயமாகாது. எந்த இடத்தில் விளக்கு இல்லை, எது எரியவில்லை என்று எழுதிக் கேட்பதற்குக் குடிமக்கள் கூச வேண்டியதில்லை.

அதுவரையில் ஒரு நல்ல கைவிளக்கு வாங்குங்கள். பற்களுக்கும், மின்வெட்டு ஒளிக்கும், பல்லாயிரம் என்ற எண்ணுக்கும் ஒரு வெள்ளிகூட அதிகம் கொடுக்காதீர்கள். நிலையான ஒளிக்கும், நேர்மையான பேட்டரிக்கும், பணிவான விசைக்கும், நீர் புகாத உடலுக்கும் தாராளமாகக் கொடுங்கள். வாங்கிய பின் அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்காமல், உங்கள் வீட்டில் விடியுமுன் முதலில் வெளியே இறங்குகிறவர் யாரோ அவர் கையில் கொடுத்து, இருட்டில் இரண்டொருநாள் பழகச் சொல்லுங்கள்.